வெள்ளைத் தாளில் வைத்த விரல்

1957-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, போடிநாயக்கனூரில், பூங்காவின் வடக்குச் சுவரில் புதிதாக ஒரு வாசல் திறப்பது பற்றிப் பொதுமக்கள் அபிப்பிராயம் சொல்லலாம் என்று மூன்றாவது முறையாகத் தமுக்கு அடிக்கப்பட்டது. கூட்டம் காலை பதினொரு மணிக்கு.

தமுக்குக்காரன் தெருமுனையைத் தாண்டும்போது சந்திரவல்லி மகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பேச்சிக்கு ஏழு வயது. வலது பாதத்தில் கட்டி பழுத்து உடைந்திருந்தது. வெந்நீர் பட்டதும் சீழும் ரத்தமும் கலந்து சட்டியில் இறங்கின. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தது.

"வாசல் வச்சிட்டா இந்தப் புண்ணு வராதுல்லம்மா?"

"வராது. ஆட்டாம வையி."

அந்தப் புண் ஓடைச் சந்தில் வாங்கியது. பூங்கா இவர்கள் வீட்டிலிருந்து முப்பது தப்படி தூரம்தான். நடுவில் ஆளுயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரங்கள், ஊஞ்சல், நல்ல தண்ணீர்க் குழாய், சாயந்திரமானால் பாடும் ரேடியோ. இந்தப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் பெண்களின் வீடுகள். வாசல் தெற்கே, பெரிய வீடுகள் இருக்கும் தெருவைப் பார்த்து இருந்தது. வடக்குத் தெருக்காரர்கள் பூங்காவுக்குப் போக வேண்டுமானால் ஓடைச் சந்து வழியாக முக்கால் மைல் சுற்ற வேண்டும். ஊரின் மலவண்டிகள் முறை முடிந்து வரிசையாக நிற்பது அந்தச் சந்தில். தோல் பதனிடும் கிட்டங்கியின் கழிவுத் தண்ணீர் ஓடுவதும் அதே சந்தில். ஐப்பசி மழையில் இரண்டும் ஒன்றாகிக் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது.

பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்தது. பால்குடி மறக்காத வயதிலிருந்து தாயோடு ஸ்டோரில் கிடந்து, காயை வெளுக்கப் போடும் கந்தகப் புகையை மூச்சில் வாங்கிய பிள்ளை. ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, சாயந்திரம் ஒரு மணி நேரமாவது மரக்காற்றில் உட்கார வைக்கச் சொல்லியிருந்தார். சந்திரவல்லி உட்கார வைத்தாள். மூச்சு கொஞ்சம் தேறியது. கால் அழுகியது.

அதற்காகத்தான் அவள் போன மாதம் அண்ணன் மொக்கச்சாமியிடம் போனாள். வடக்குத் தெருவின் ஓட்டை வாங்கி வார்டு மெம்பராகி, பூங்கா கமிட்டியிலும் ஓர் இடம் பிடித்தவன் அவன். அவள் சொன்னதைக் கேட்டு உடனே நான்கு வெள்ளைத் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தான்.

"வாசகத்தை நான் பாத்து எழுதிக்கிறேன் ஆத்தா. சட்டம் தெரிஞ்சு எழுதணும். நீ விரலை மட்டும் வாங்கிட்டு வா."

அவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. தெருவில் ஒருத்திக்கும் படவில்லை. ஸ்டோரில் திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழையும்போதே கூலி எழுதும் வெறும் மஸ்டர் தாளில் பெருவிரலை வைத்துவிட வேண்டும். அதற்கு மேலே கணக்குப்பிள்ளை சனிக்கிழமை எழுதிக்கொள்வார். பத்து வருடம், பதினைந்து வருடம் அப்படி வைத்த விரல்கள். தாளை நீட்டினால் விரல் தானாக நீளும். இரண்டு சாயந்திரத்தில் அறுபத்து மூன்று பேர் ஆகிவிட்டது. எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் முதல் பெயராகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"கூட்டத்துக்கு நீ எதுக்குப் போற?" என்றான் ராக்கையா.

அவள் புருஷன் புதுக் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். மூன்று வருடமாக ஸ்பேர் டிரைவராக இருந்தவனை ஸ்டோர் முதலாளி சோலைமலை போன வெள்ளிக்கிழமைதான் நிரந்தரமாக்கியிருந்தார். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு இப்போது இவன் பொறுப்பு. அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள்.

"அபிப்பிராயம் சொல்லலாம்னு தமுக்கு அடிச்சாகல்ல."

"அதான் மனு போயிருச்சே. ஒங்கண்ணன் பாத்துக்கிருவாரு. ஒரு நா சோலியைக் கெடுத்துக்கிட்டு..."

"பாத்துட்டு வர்றேன். நீங்க வண்டிக்குப் போகலையா?"

"லோடு சாயந்திரந்தான்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டோரில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு வந்தவர்கள் இரண்டே பேர். முனியாயி, அன்னக்கொடி. மூவரும் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சந்தில் இறங்கினார்கள். இருபுறமும் மலவண்டிகள் நின்றன. ஈக்கள் எழுந்து முகத்தில் மோதி மறுபடி உட்கார்ந்தன.

"மகாராணிமாரு மூணு பேரு பூங்காவுக்குப் போறாக," என்றாள் முனியாயி. "ரெண்டு பக்கமும் ரதம் நிக்கிது பாத்தியா."

"வாயை மூடு மதினி. ஈ உள்ள போயிரும்," என்றாள் அன்னக்கொடி.

வண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியை ஓரமாகத் தள்ளி வழி விட்டார். வண்டியை நிறுத்த அவருக்கும் வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

பூங்காவில் கூட்டம் நடந்த கூடத்தில் மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். மெம்பர்களுக்குத் தட்டில் வடையும் டம்ளரில் காப்பியும் வந்தன. ஜன்னலுக்கு வெளியே யாரோ வெற்றிலையைத் துப்பித் துப்பிச் சுவர் சிவந்து காய்ந்திருந்தது. பெண்களுக்கு உட்கார இடமில்லை. மூவரும் கதவோரம் நின்றார்கள்.

முன் பெஞ்சில் சோலைமலை விசிறிக்கொண்டிருந்தார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று சந்திரவல்லிக்கு விளங்கவில்லை.

அபிப்பிராயங்கள் தொடங்கின. பென்ஷன்காரர் ஒருவர் எழுந்து, ரேடியோவில் செய்தி நேரத்தில் பாட்டு வைத்துவிடுகிறார்கள் என்று கால் மணி நேரம் குறைப்பட்டார். துணிக்கடைக்காரர் ஒருவர் தெற்கு வாசலுக்கு வளைவு கட்டி, கட்டிக்கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம் என்றார். தானே கட்டித் தரவும் தயார் என்றார். ஆடு நுழைவதைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். சீட்டாடுகிறவர்களைப் பற்றிச் சீட்டாடுகிற ஒருவர் பேசினார். பேசிய ஐந்து பேரில் வடக்குச் சுவரை வடக்குத் தெருப் பக்கத்திலிருந்து பார்த்தவர் யாரும் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசவும் இல்லை.

"நம்ம ஆடு எதுவும் மனு குடுக்கலையா?" என்று அன்னக்கொடி காதோடு கேட்டாள். முனியாயி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்தாள்.

கமிட்டித் தலைவர் மேசையைத் தட்டினார். "வடக்குப் பக்கத்துக் குடியிருப்போர் மனு ஒண்ணு இருக்கு. வாசிங்க."

குமாஸ்தா எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இதன் கீழே கையொப்பமும் ரேகையும் வைத்துள்ள வடக்குத் தெருப் பெண்களாகிய நாங்கள் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி சுவரில் வாசல் திறந்தால் கண்ட ஆண்பிள்ளைகளும் எங்கள் தெரு வழியாகப் போக்குவரத்து செய்ய ஏதுவாகும். வயது வந்த பெண்களை வைத்திருக்கும் எங்களுடைய மானத்துக்கு அதனால் பங்கம் நேரும். ஆகவே வாசல் வேண்டாமென்றும், சுவரையொட்டி உட்புறம் சும்மா கிடக்கும் இடத்தை ஏலக்காய் உலர்த்தும் களமாகக் குத்தகைக்கு விட்டால் எங்களுக்கு வேலை அருகிலேயே கிடைக்குமென்றும் கேட்டுக்கொள்கிறோம். முதல் கையொப்பம், சந்திரவல்லி, கணவர் ராக்கையா."

முனியாயியின் வாயிலிருந்து முந்தானை நழுவியது.

சந்திரவல்லிக்கு முதலில் கேட்டது தன் பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. மானம் என்ற சொல் இறங்கியபோது அவள் கதவோரத்தை விட்டு முன்னால் வந்தாள்.

"நான் அப்படி எழுதலைங்க," என்றாள்.

கூடம் திரும்பிப் பார்த்தது.

"யாரும்மா நீங்க?"

"அந்த மொதல் கையெழுத்து என்னுதுங்க. விரல் வாங்கினதும் நாந்தான். வாசல் வேணும்னுதான் வாங்கினேன்."

தலைவர் பொறுமையானவர். தாளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். கீழே நான்கு தாளிலுமாக அறுபத்து இரண்டு பெருவிரல்களும் அவள் கையெழுத்தும் இருந்தன. மேலே நீல மையில் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும் எழுத்து. புருஷனின் வண்டிக் கணக்குச் சீட்டில் அவள் பார்த்துப் பழகிய எழுத்து. கடைசியில், வாசித்துக் காட்டிய சாட்சி, ராக்கையா.

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கை ஒட்டுவதுபோல் இருந்தது.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். நான் போட்டப்போ மேல ஒண்ணும் இல்லை."

"வெறுந்தாள்ல போட்டீங்களா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பென்ஷன்காரர், "எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பளை வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டேங்குதே," என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"ஸ்டோர்ல அப்படித்தாங்க வாங்குவாக," என்றாள் சந்திரவல்லி. "வாராவாரம் வெறுந்தாள்லதான் வைக்கிறோம். எங்களுக்கு அது பழகிப்போச்சு."

சோலைமலை விசிறியை நிறுத்தினார். திரும்பி அவளை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி விசிறத் தொடங்கினார்.

மொக்கச்சாமி வடையை விழுங்கிவிட்டு எழுந்தான். "தலைவர் அவர்களே, இது என் கூடப்பொறந்த தங்கச்சி. புள்ளைக்கு உடம்புக்கு முடியலை. தூக்கமில்லை. மனசு ஒரு நிலையில இல்லை. பெரிசா எடுத்துக்கிற வேண்டாம். எழுதி வாசிச்ச மாப்ளையே வெளிய நிக்கிறாரு. கேட்டுக்கிருங்க."

ராக்கையா உள்ளே வந்தான். காக்கிச் சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது.

"வாசிச்சுக் காட்டுனீங்களா?"

"காட்டுனேங்க."

"எல்லாரும் சம்மதிச்சு வச்சாங்களா?"

"ஆமாங்க." அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

முனியாயி கதவோரத்திலிருந்து, "என்னைக்கு வந்து வாசிச்ச? எந்த வீட்டுல வாசிச்ச?" என்றாள். ஆர்டர்லி அவளைக் கையமர்த்தினான். தலைவர் குறித்துக்கொண்டார். எழுத்தில் உள்ளதைத்தான் தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றும், ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் கொடுக்கலாம் என்றும், ரேகை வைத்தவர்கள் ஒவ்வொருவரும் நேரில் வந்து சொன்னால்தான் செல்லும் என்றும் சொன்னார். பிறகு தீர்மானத்துக்கு மெம்பர்களைக் கை தூக்கச் சொன்னார்.

வெளி வராந்தாவில் மொக்கச்சாமி அவளுக்காகக் காத்திருந்தான். காகிதத்தில் நான்கு வடையைச் சுற்றி வைத்திருந்தான்.

"புள்ளைக்குக் கொண்டு போ."

அவள் வாங்கவில்லை.

"கோவமா இருப்ப. இருக்கட்டும். யோசிச்சுப் பாரு ஆத்தா. வாசல் வச்சா என்ன ஆயிரும்? நாலு புள்ளைக ஊஞ்சல் ஆடும். மாப்ளைக்கு நிரந்தர வேலை யாரு பேசி வாங்குனதுன்னு நெனைச்ச? சும்மா குடுப்பாரா அந்த ஆளு? ஒனக்காகத்தான் பண்ணேன்."

"பேச்சி காலைப் பாத்தியா அண்ணே?"

"அதுக்கென்ன, நாளைக்கு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் சீட்டு எழுதித் தர்றேன்."

"மானம்னு எழுதியிருந்துச்சே. அது யாரு சொல்லிக் குடுத்தது?"

மொக்கச்சாமி கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னான். "அது நான் சொன்னது. அதை எழுதிட்டா எவனும் எதுத்துப் பேச மாட்டான்."

அவன் உதட்டோரத்தில் வடை எண்ணெய் மினுங்கியது. ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணன். அப்பன் செத்தபோது இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சுடுகாட்டு வழி வரை அழுதுகொண்டு போனாள். இப்போது அந்தக் கை தோளில் விழ வந்தபோது உடம்பு தன்னால் விலகியது. வராந்தாத் தூணைப் பிடித்துக் குனிந்தாள். காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்தது.

"பாத்தியா, ஒடம்பு சரியில்லைன்னுதானே நானும் சொன்னேன்," என்றான் அண்ணன். அப்போது வெளியே வந்த பென்ஷன்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

வீட்டில் ராக்கையா அவளுக்கு முன்பே வந்திருந்தான். சட்டையைக் கழற்றாமல் உரல் மேல் உட்கார்ந்திருந்தான். பேச்சி உள்ளே தூங்கியது. மூச்சின் சீழ்க்கை வாசல் வரை கேட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான்.

அவள் குடத்தைச் சாய்த்து முகம் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள். இரண்டாவது தடவையும் கொப்பளித்தாள்.

"மூணு வருசம் ஸ்பேர். ஒரு மாசம் வண்டி உண்டு, ரெண்டு மாசம் இல்லை. போடிமெட்டுல குளிர்ல நின்னு, எவனுக்காவது காய்ச்சல் வராதா, நமக்கு வண்டி கிடைக்காதான்னு வேண்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன். ஒனக்கு அதெல்லாம் தெரியாது."

"எழுதும்போது கீழ எம் பேரு மொதல்ல இருந்துச்சே. பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் எழுதுனீக."

"ஆமா."

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கத்த இடம் கிடைத்திருக்கும். அவன் அதையும் விட்டுவைக்கவில்லை. அவள் கொடியில் கிடந்த சேலையை மாற்றிக்கொண்டு, பிள்ளைக்குக் கஞ்சியை எடுத்து மூடி வைத்துவிட்டு, ஸ்டோர் விடும் நேரத்தில் தெருவில் இறங்கினாள்.

முதல் வீடு கருப்பம்மாள் வீடு. விஷயம் அங்கே முன்பே வந்து சேர்ந்திருந்தது. கருப்பம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நேர்ல வந்து சொல்லணுமாம் சித்தி. விரலு எங்களுதுதான், வாசகம் எங்களுது இல்லைன்னு."

"ஒன் அண்ணன் தாளைக் குடுத்தான். ஒன் புருசன் எழுதுனான். நடுவுல விரலை வாங்குனது நீயி. இப்ப மறுபடி எங்கிட்டத்தான் வந்து நிக்கிற."

"எனக்குத் தெரியாது சித்தி."

"தெரியாதுன்னே வச்சுக்கிருவோம். நாளைக்கு நான் அங்க வந்து சொல்லிட்டு, மறுநா ஸ்டோர்ல கால் வைக்க முடியுமா? களம் அந்த ஆளுக்குத்தானே போகப் போகுது?" கருப்பம்மாள் வாயிலிருந்த புகையிலையைச் சந்திரவல்லியின் காலுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினாள். "எம் மானத்தைப் பத்தி ஒங்க வீட்டு ஆம்பளைக எழுதுறாங்களாக்கும்."

அடுத்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில், புருஷன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "வாசலும் வேணாம், வம்பும் வேணாம்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். முனியாயியும் அன்னக்கொடியும் அவளோடு கூடவே வந்து, சில வீடுகளில் அவளுக்குப் பதிலாகப் பேசினார்கள்.

தெருக்கோடியில் செல்லத்தாய் வீடு. சோலைமலை வீட்டில் காலையும் மாலையும் பாத்திரம் தேய்ப்பவள், நடுவில் ஸ்டோரில் காய் பொறுக்குவாள். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள்.

"நான் வர்றேன்," என்றாள் செல்லத்தாய்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? அந்தத் தாளை எழுதும்போது நான் மொதலாளி வீட்டு அடுப்படியிலதான் இருந்தேன். காப்பி நாந்தான் கொண்டாந்து வச்சேன். அங்க உக்காந்திருந்தது ஒங்கண்ணன், ஒம்புருசன், மொதலாளி, மூணு பேரு மட்டும் இல்லை அக்கா, நாலு பேரு."

"நாலாவது ஆளு யாரு?"

செல்லத்தாய் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "அதைக் கேக்குற எடத்துல வந்து, அந்த ஆளு முன்னாடியே சொல்றேன்."

சாயந்திரம் நான்கு மணிக்கே தீர்மானம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. வடக்குத் தெருப் பெண்களின் விருப்பத்தை முன்னிட்டு வடக்குச் சுவரில் வாசல் வைப்பதில்லை என்றும், சுவரையொட்டிய இடத்தை மூன்று வருடக் குத்தகைக்கு விடுவது என்றும், தெற்கு வாசலுக்கு வளைவு கட்ட முன்வந்தவருக்கு நன்றி தெரிவிப்பது என்றும் அதில் இருந்தது.

இரவு ஒன்பது மணிக்குள் சந்திரவல்லி ஐம்பத்தேழு பேரைப் பார்த்தாள். ஐந்து பேர் மலைக்குக் காய் எடுக்கப் போயிருந்தார்கள். நேரில் வந்து சொல்லச் சம்மதித்தவர்கள், அவளையும் சேர்த்து, நான்கு பேர். ஆட்சேபணை கொடுக்கக் கடைசித் தேதி நவம்பர் 27.